ஒரே பெஞ்சில் கணக்கு: பார்வையில்லாத பிள்ளையும் வகுப்பில் இருந்தால்

"இங்கே பாருங்க. இதை இதால பெருக்கி, வந்ததை இதுகூடக் கூட்டிட்டா முடிஞ்சுது."

பதினாறு வருடம் நான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திய அழகு இதுதான். ஒரு ஜூன் மாதம், பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு நாள் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கையைத் தூக்கி, "எதை எதால டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாக, "எனக்கும் அதான் டீச்சர் புரியலை" என்றான். அவனுக்குப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது.

என்னைப் போல, சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லாமல் சாதாரணப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியர் வாரம் இரண்டு நாள் வருவார். அவருக்கும் பார்வை கிடையாது. மீதி நாளெல்லாம் நாம்தான் சமாளிக்க வேண்டும். அவரிடம் கேட்டதும், அந்தப் பெண்ணிடம் கற்றதும், நானே சொதப்பித் திருத்திக்கொண்டதும் இதில் கலந்திருக்கும்.

சிறப்பாசிரியர் முதல் நாளே சொன்ன ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண் முழுசை முதலில் பிடித்துவிட்டு, தேவைப்பட்டால் பாகத்துக்கு வரும். கை பாகம் பாகமாகத் தொட்டு முழுசைக் கட்டி எழுப்பும். இரண்டு பேரும் வந்து சேருகிற இடம் ஒன்றுதான், வருகிற வழிதான் வேறு. கைக்கு வழி போட்டுக் கொடுக்காமல், "இவளுக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டுவது நம் பிழை.

முதலில் வாய்

ஒரு பைசா செலவில்லாத மாற்றம் இது. கரும்பலகையில் எழுதுவதை எல்லாம் எழுதும்போதே வாயால் சொல்லுங்கள். இது, அது, இங்கே, அங்கே நான்கையும் ஒரு வாரம் தடை செய்யுங்கள். நான் பிள்ளைகளையே காவல் வைத்தேன். "இது" என்று சொல்லிவிட்டால் மேசையில் தட்டுவார்கள். முதல் நாள் வகுப்பே மேளச்சத்தமாக இருந்தது.

ஆனால் சத்தமாக வாசித்தால் மட்டும் போதாது. "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று பை ஐந்து" என்கிறீர்கள். ஐந்து எதற்குக் கீழே இருக்கிறது? மூன்றுக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? பலகையைப் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராது. காதால் கேட்கிறவளுக்கு அவை இரண்டு வேறு கணக்குகள். அதனால் நான் இப்படிச் சொல்லப் பழகினேன்: "பின்னம் தொடங்குது. தொகுதி: இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று. பகுதி: ஐந்து. பின்னம் முடிஞ்சுது." அடைப்புக்குறிக்கும் அதே போலத் திறப்பு, மூடல். அமெரிக்காவில் பார்வையில்லாத கணிதப் பேராசிரியராக இருந்த ஆபிரகாம் நெமெத், தனக்கு வாசித்துக் காட்டுகிறவர்களுக்கென்று இதே முறையில் ஒரு பேச்சு முறையை வகுத்திருந்தார் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

குறியின் பெயர் தெரியாவிட்டால் உருவத்தையாவது சொல்லுங்கள். ரஷ்யக் கணித மேதை லெவ் பொந்திரியாகின் 14 வயதில் ஸ்டவ் வெடித்துப் பார்வையை இழந்தவர். அவருக்குக் கணிதப் புத்தகங்களை வாசித்துக் காட்டியது அம்மா தத்யானா. அந்த அம்மாவுக்குக் கணிதம் தெரியாது. கணங்களின் சேர்ப்புக்கும் வெட்டுக்கும் உள்ள குறிகளை "வால் மேலே", "வால் கீழே" என்று வாசிப்பாராம். மகன் அதிலேயே கற்று உலகப் புகழ் பெற்றார். நமக்குத்தான் குறிகளின் பெயர் தெரியுமே, சோம்பல் எதற்கு?

காதால் கற்கிற பிள்ளைக்குத் தமிழ் எண்ணுப்பெயர்களில் ஒரு குழி உண்டு. பத்து, இருபது, எண்பது வரை ஒழுங்காகப் போகும். ஒன்பது வந்ததும் தடம் மாறும். தொண்ணூறு என்பதில் "நூறு" கேட்கிறது, தொள்ளாயிரம் என்பதில் "ஆயிரம்" கேட்கிறது. அவள் தொண்ணூற்று மூன்றை நூறின் இடத்தில் வைத்துவிட்டு, தப்பு எங்கே என்று தெரியாமல் முழித்தாள். எழுத்தில் 93 என்று பார்க்கிற பிள்ளைக்கு இந்தத் தொல்லை தெரிவதே இல்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து, "இதுக்குப் பேர்தான் தொண்ணூறு, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேணும்" என்று நான்கைந்து நாள் செய்த பிறகுதான் சரியானது.

பிரெய்ல் எண்களை எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள்

பிரெய்ல் என்பது விரலால் தடவி வாசிக்கிற புள்ளி எழுத்து. கற்றுக்கொடுக்க ஒரே ஒரு மத்தியானம் போதும். முட்டை அட்டையிலிருந்து நிற்கிற வாக்கில் மூன்றும் படுக்கை வாக்கில் இரண்டுமாக ஆறு குழி வெட்டிக்கொள்ளுங்கள். இடது வரிசையில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது வரிசையில் 4, 5, 6. புளியங்கொட்டைதான் புள்ளி. 3, 4, 5, 6 நான்கிலும் கொட்டை வைத்தால் "அடுத்து வருவது எண்" என்று அறிவிக்கும் குறி. பிறகு எண்கள்:

1 – புள்ளி 1
2 – புள்ளிகள் 1, 2
3 – புள்ளிகள் 1, 4
4 – புள்ளிகள் 1, 4, 5
5 – புள்ளிகள் 1, 5
6 – புள்ளிகள் 1, 2, 4
7 – புள்ளிகள் 1, 2, 4, 5
8 – புள்ளிகள் 1, 2, 5
9 – புள்ளிகள் 2, 4
0 – புள்ளிகள் 2, 4, 5

ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளுக்கும் இதே புள்ளிகள்தான். அதனால்தான் முன்னால் எண்குறி தேவைப்படுகிறது. மேல்வகுப்பில் நெமெத் குறியீட்டுக்கு (மேலே சொன்ன அதே நெமெத் கணிதத்துக்கென்று வகுத்த பிரெய்ல் முறை) போகும்போது இதே வடிவங்கள் ஒரு வரிசை கீழே இறங்கும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கணக்குப் பாடமே ஒளிந்திருக்கிறது. 4-ஐக் கண்ணாடியில் காட்டினால் 6. அதேபோல 5-க்கு 9, 8-க்கு 0. பிரெய்ல் சிலேட்டில் (தாளை இடையில் வைத்து ஊசியால் புள்ளி குத்துகிற சட்டம்) தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாகத்தான் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் நேராகும். பார்வையுள்ள பிள்ளைகள் சிலேட்டை வாங்கி ஆசையாக 4 குத்தினார்கள். அவள் தடவிப் பார்த்து, "ஆறு" என்றாள். சண்டையே வந்தது. சமச்சீர்த்தன்மை பாடத்தை அன்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஆறு குழியில் எத்தனை வடிவம் வரும் என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு குழிக்கும் "உண்டு, இல்லை" என்று இரண்டு வாய்ப்பு. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. ஒன்றுமே இல்லாததைக் கழித்தால் 63.

எதில் கணக்குப் போடுவது

சிலேட்டில் குத்தும்போது குத்தியதை வாசிக்க முடியாது, தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். பக்கத்துப் பையன் நோட்டில் எழுதி, அடித்து, மேலே ஒன்றைக் கடனாகப் போட்டு விளையாடுவதை அவள் சிலேட்டில் செய்யவே முடியாது. சிலேட் விடையை எழுத மட்டும்தான். கணக்குப் போட வேறு பொருள் தேவை. பிரெய்லர் (பிரெய்ல் தட்டச்சு இயந்திரம்) இருந்தால் நல்லது, அடித்த வரியை உடனே தடவிப் பார்க்கலாம். எங்களிடம் இல்லை.

இருந்தது அபாகஸ், அதாவது மணிச்சட்டம். பார்வையில்லாதவர்களுக்கென்று 1962-ல் டெரன்ஸ் கிரான்மர் ஜப்பானிய மணிச்சட்டத்தை மாற்றி அமைத்தது. 13 கம்பிகள், குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல்மணிக்கு மதிப்பு 5, கீழ்மணிக்கு ஒவ்வொன்று. மணிகளுக்கு அடியில் பிடிமானத் துணி இருக்கும். விரல் பட்டாலும் மணி தானாக நகராது. கடையில் பார்வையுள்ள பிள்ளைகளுக்கு விற்கிற சாதாரண அபாகஸை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தடவிப் பார்க்கும்போதே எண் மாறிவிடும். நான் வாங்கி ஏமாந்தேன்.

ஒரு கூட்டலைப் பார்ப்போம். 27-உடன் 48. குறுக்குச் சட்டத்தை ஒட்டிய மணிகளுக்குத்தான் கணக்கு. பத்தின் கம்பியில் கீழ்மணி இரண்டு, ஒன்றின் கம்பியில் மேல்மணியும் கீழ்மணி இரண்டும். இப்போது இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 4 பத்து. கீழே இரண்டு மணிதான் மிச்சம், நான்கு இல்லை. ஐந்தைச் சேர்த்து ஒன்றை எடு. பத்தின் கம்பியில் 6 ஆயிற்று. அடுத்து 8. ஒன்றின் கம்பியில் இடமில்லை. இரண்டை எடுத்துவிட்டு, பத்தின் கம்பியில் ஒன்று சேர். ஒன்றின் கம்பியில் 5, பத்தின் கம்பியில் 7. விடை 75.

இதைப் பாருங்கள், "8-ஐக் கூட்டு" என்பது "10 சேர், 2 எடு" ஆகிவிடுகிறது. நோட்டில் "மேலே ஒன்று போடு" என்று இயந்திரம் போல எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த ஒன்று ஏன் மேலே போகிறது என்று தெரியாது. கடைசி பெஞ்சுப் பையனை அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் மணி நகர்த்துவாள், இவன் அதையே நோட்டில் எழுதுவான். ஒரு மாதத்தில் கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

கணக்குப் போட உதவும் இன்னொரு பொருளான டெய்லர் சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். எண்கோணத் துளைகள் கொண்ட பலகை, அதில் செருகச் சிறிய உலோக அச்சுகள். அச்சின் ஒரு முனையில் கோடு, மறுமுனையில் இரண்டு புள்ளி. அச்சை எட்டுத் திசையில் திருப்பலாம் என்பதால் ஒரே அச்சில் 16 குறிகள் கிடைக்கும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்பதால் வகுத்தலுக்கும் இயற்கணிதத்துக்கும் உதவும். ஆனால் அச்சுகள் கீழே கொட்டினால் அந்தப் பிரிவேளை போச்சு. நான் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு வைத்து அதன்மேல் சட்டத்தை வைக்கச் சொன்னேன்.

எந்தப் பொருளானாலும் ஒரு விதி. அவள் கையைப் பிடித்து இழுத்து மணிமேல் வைக்காதீர்கள். உங்கள் கையை முதலில் வையுங்கள், அவள் தன் கையை உங்கள் கைமேல் வைத்துத் தொடரட்டும். நம் கண்ணிமையைப் பிடித்து யாராவது திறந்து "பார்" என்றால் எப்படி இருக்கும்?

வடிவியல்: நான் கவிழ்ந்த இடம்

தையல்காரர்கள் துணியில் கோடு போட வைத்திருக்கும் பல்சக்கரம் ஒன்றை வாங்குங்கள். கெட்டித் தாளை ரப்பர் ஷீட்டின்மேல் வைத்து உருட்டினால் மறுபக்கம் புள்ளிக்கோடு எழும். செலவு குறைந்த, நன்றாக வேலை செய்கிற வழி.

எட்டாம் வகுப்புக்கு அவள் வந்தபோது வரைபடம் நடத்தினேன். எக்ஸ் கூடக் கூட ஒய்யும் கூடும் என்று காட்ட, முந்தின இரவு உட்கார்ந்து ஒரு தாளில் அழகாகக் கோடு உருட்டிக் கொண்டுபோனேன். அவள் இரண்டு கையாலும் தடவிவிட்டு, "டீச்சர், கூடும்னு சொல்றீங்க, கோடு இறங்குதே" என்றாள். நான் வரைந்தது முன்பக்கத்தில், அவள் தொட்டது பின்பக்கத்தில். இடவலம் மாறி, ஏறுகிற கோடு இறங்கிவிட்டது. பிரெய்ல் சிலேட்டில் இதே விஷயத்தை வகுப்புக்கே விளக்கியவள் நான். இப்போதெல்லாம் முதலில் பென்சிலால் வரைந்து, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்பக்கம் படியெடுத்து, அந்தப் பக்கத்தில்தான் சக்கரம் உருட்டுகிறேன்.

படம் செய்யும்போது ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். புத்தகத்து முக்கோணத்தில் கோணக்குறி, பக்க அளவு, பெயர் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். கண் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். விரலுக்கு அது புதர். வெறும் முக்கோணம் ஒரு தாள், உச்சிப் பெயர்களோடு ஒரு தாள், குத்துயரத்தோடு ஒரு தாள். கோடுகளுக்கு நடுவே விரல்நுனி நுழைய இடம் விடுங்கள்.

கனசதுரத்தைத் தாளில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நம் கண்ணுக்குக் கனசதுரமாகத் தெரியும் படம், விரலுக்கு ஒரு சதுரமும் பக்கத்தில் இரண்டு கோணல் இணைகரமும்தான். அட்டைப்பெட்டியைக் கையில் கொடுங்கள். விளிம்புகளை எண்ணச் சொன்னபோது, பெட்டியை மடியில் வைத்து, "மேலே நாலு, கீழே நாலு, நிக்கிறது நாலு, பன்னிரண்டு" என்றாள். புத்தகப் படத்தைப் பார்த்து எண்ணியவர்களில் ஒன்பது என்று சொன்னவர்கள் பலர். படத்தில் தெரிவது ஒன்பதுதானே!

மஞ்சப்பையில் பொருள்களைப் போட்டு, எல்லோரும் கைவிட்டுத் தொட்டு, பெயர் சொல்லாமல் வர்ணிக்கும் விளையாட்டு எனக்குப் பிடித்தது. "உச்சி ஒண்ணு, அடி வட்டம்" என்றால் கூம்பு. ஆனால் பார்வையுள்ள பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, "இப்போ தெரியுதா அவ கஷ்டம்" என்று பாடம் எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கட்டு அவிழ்ந்ததும் அவர்களிடம் மிஞ்சுவது பயமும் பரிதாபமும். அவளுக்கு அது இரண்டும் தேவைப்படவில்லை.

சில்லறை விஷயங்கள்

ரூபாய் நோட்டு: 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. நான்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவே. ஓரத்தில் சாய்ந்த கோடுகள் எழும்பி இருக்கும்: 100-ல் நான்கு, 200-ல் நான்கும் நடுவில் இரண்டு வட்டமும், 500-ல் ஐந்து. கசங்கிய நோட்டில் கோடு மழுங்கிவிடும். அதனால் நீளத்தை அளக்க அட்டையில் ஒரு அளவுகோல் வெட்டச் சொன்னேன், வகுப்பு முழுவதும் செய்தது. 20 ரூபாய் நாணயம் 12 பக்கம் உள்ள பலகோணம், அது ஒரு இலவச வடிவியல் கருவி.

மங்கலான பார்வை உள்ள பிள்ளைகளுக்கு பிரெய்லைத் திணிக்கும் முன், வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கரும், சாய்வுப் பலகையும், கரும்பலகைக்கு அருகே எழுந்து வந்து பார்க்க அனுமதியும் கொடுத்துப் பாருங்கள்.

தேர்வில் அவள் சொல்ல இன்னொருவர் எழுதுவார். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நான் மாதம் ஒருமுறை வேறு வேறு பிள்ளையை எழுத உட்கார வைப்பேன். அவள் "அடுத்த வரி, சமக்குறிக்கு நேர் கீழே சமக்குறி" என்று சொல்லப் பழக வேண்டும். எழுதுகிறவர் தானாகத் திருத்தாமல் இருக்கப் பழக வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

பல்லாங்குழி உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது பரணில் கிடக்கும். எனக்கு எங்கள் ஆச்சியுடையது கிடைத்தது. 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 புளியங்கொட்டை. பார்வையுள்ளவர்கள் கண்ணாலேயே எதிராளியின் குழியை எண்ணிவிடுவார்கள், அது நியாயமில்லை. அதனால் எங்கள் வகுப்பில் யாரும் எப்போதும் எந்தக் குழியையும் தொட்டு எண்ணலாம் என்று விதி. கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று ஆடும் முன்பே சொல்ல வேண்டும். 14-ஆல் வகுத்து மீதி காண்பது அப்படித்தான் தொடங்கியது.

புள்ளிக் கோலம்

மார்கழியில் ஒரு நாள், கோலத்தைக் கணக்கில் கொண்டுவர நினைத்தேன். "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்று சொன்னால் கோலம் போடுகிறவர்களுக்குப் படமே தேவையில்லை. நடுவரிசையில் ஏழு, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து நான்கில் நிற்கும். இடைப்புள்ளி என்றால் ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக வரும். கோலமாவைத் தொட்டால் அழிந்துவிடும் என்பதால், களிமண் பலகையில் கொண்டைக்கடலை பதித்தோம். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன்.

மற்றவர்கள் வரிசை வரிசையாகக் கூட்டினார்கள்: 4, 5, 6, 7, 6, 5, 4. விடை 37. அவளும் 37 என்றாள், ஆனால் வேறு எண்களைச் சொன்னாள்: "1, 6, 12, 18." எப்படி என்று கேட்டேன். நடுக்கடலையில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, மறுகையால் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூடுகிறது. வரிசையாகப் பார்த்த யாருக்கும், எனக்கும்தான், இது கண்ணில் படவில்லை.

"அப்போ அடுத்த சுத்துக்கு 24. 61 வரும். 9 புள்ளி 5 வரை" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். பிள்ளைகள் வரிசையாகக் கூட்டிச் சரிபார்த்தார்கள், 61-தான்.

"சரியா 100 புள்ளியில இப்படிக் கோலம் போட முடியுமா டீச்சர்?" என்று கேட்டாள் அவள். மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்பே நான்கு பேர் என் மேசையருகே நின்றார்கள். 91-க்கு அடுத்து நேராக 127-க்குத் தாண்டிவிடுகிறதாம்.